பெட்டி அண்ணாச்சி

தென்காசியில் ஒரு வீட்டு வாசலில் பெரிய பெட்டி வந்து இறங்கினால் ஒன்று பீரோவாக இருக்கும், இல்லையென்றால் பெண்ணுக்குச் சீராக இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அந்த வீட்டில் ஒரு பெட்டி அண்ணாச்சி இருக்கிறார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மின்வாரியத்திலோ வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவர், அல்லது மர அறுவை மில்லை மகன் கையில் ஒப்படைத்தவர். நன்றாகப் பாட்டுக் கேட்கிற மனுஷன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதாவது சத்தம் தேவைப்படுகிறது. பாட்டோடு அவருக்குள்ள உறவு அவ்வளவுதான்.

பெட்டி எப்படி வந்தது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சாயங்காலம் போச்சு. ஏதோ ஒரு டாக்கீஸை மூடிக் கல்யாண மண்டபம் ஆக்கும்போது, திரைக்குப் பின்னால் ஒட்டடையோடு நின்றதைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுக்க வந்திருப்பார். இவர் குறுக்கே விழுந்து தடுத்திருப்பார். அமெரிக்காவின் அல்டெக் கம்பெனி 1945-ல் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ என்றொரு வரிசையைக் கொண்டுவந்தது. அதில் சின்னப் பிள்ளைகளில் ஒன்று ஏ7. சின்னப் பிள்ளையே நாலரை அடி உயரம், இரண்டரை அடி அகலம். கீழே 15 இஞ்சு ஊஃபர், தலைக்கு மேலே புனல். தம்முடையது அதேதான் என்பார் அண்ணாச்சி. பின்பக்கத்துப் பெயர்த்தகடு காணாமல் போய்விட்டதால் மறுத்துப் பேச யாருக்கும் வழியில்லை.

அந்தக் காலத்தில் வால்வு ஆம்ப்ளிபயரில் பத்து இருபது வாட் வந்தாலே பெரிய காரியம். அதனால் கொஞ்சம் கொடுத்தாலும் நிறையச் சத்தம் போடுகிற மாதிரி பெட்டியைக் கட்டினார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி ஏறக்குறைய 100 டெசிபல். இன்றைக்குப் புத்தக அலமாரியில் வைக்கிற குட்டி ஸ்பீக்கர் அதே சத்தத்துக்கு முப்பது வாட் கேட்கும். கொட்டகையின் கடைசி பெஞ்சுக்கு வசனம் போகட்டும் என்று செய்த பெட்டி, இப்போது பதினாலுக்குப் பதினொன்று பட்டாசலில், சாய்வு நாற்காலியில் இருக்கும் ஒரே ஆளுக்காகப் பாடுகிறது. வால்யூமைத் தொட்ட உடனே விரலை எடுத்துவிடுவார். இன்னும் கொஞ்சம் திருகினால் அடுத்த தெருக்காரர்கள் கோயில் கொடை என்று நினைத்து விளக்குப் பார்க்க வந்துவிடுவார்கள்.

கொட்டகைத் திரைக்குப் பின்னால் இருந்தது ஒன்று. ஸ்டீரியோவுக்கு வேண்டியது இரண்டு. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பத்துக்கு ஏழு பொருத்தம் போதும் என்று தாம்பூலம் மாற்றியவர், பெட்டிக்கு ஜோடி தேடுகையில் பத்தும் வேண்டும் என்று நின்றார். முதல் பொருத்தம் காந்தம். பழைய பெட்டிகளில் அல்னிகோ. அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த உலோகம். 1978-ல் அன்றைய ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிறவே, கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஃபெரைட் காந்தத்துக்கு இறங்கிவிட்டன. ஆப்பிரிக்க வரலாற்றில் அண்ணாச்சிக்குத் தெரிந்தது இந்த ஒரு சண்டைதான். அதையும் தமக்கு எதிராக நடந்ததாகவே சொல்வார். இரண்டு காந்தத்துக்கும் காதுக்கு வித்தியாசம் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். “காதுக்குத் தெரியாது தம்பி. மனசுக்குத் தெரியும்லா?” என்றார்.

அடுத்தது கோன். ஓரத்தில் நுரைவளையம் ஒட்டிய ரகமாக இருந்தால் நம் ஊர் ஈரத்தில் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். பழைய தியேட்டர் பெட்டிகளுக்குக் காகிதமோ துணியோதான் ஓரம் என்பதால் பிழைத்துக் கிடக்கின்றன. ஆனாலும் காகிதம் காகிதம்தானே? ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் இங்கே துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசை விசிறி. அண்ணாச்சி அதைக் கோனுக்கு முன்னால் வைத்துவிட்டு, பேரனின் பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக்கொள்ளச் சொல்வார்.

வாங்குவதாவது ஒருநாள் முடிந்துவிடும். வைப்பது முடிவதில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் கூடும், மூலையில் தள்ளினால் இன்னும் கூடும். பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் இதையே கொள்கையாக்கி, அறையின் இரண்டு சுவரையும் புனலின் நீட்சியாக எடுத்துக்கொள்கிற மூலைப் பெட்டி ஒன்றைச் செய்து 1946-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் இந்த மூலைக் கட்சிக்காரர் ஒருவர் உண்டு. அவருக்கும் நம் அண்ணாச்சிக்கும் பேச்சுவார்த்தை நடக்கும், உடன்பாடு ஏற்படாது. மூலைக் கட்சிக்கு வாஸ்துக்காரரின் ஆதரவும் இருக்கிறது, பாதி. கன்னி மூலையில் பாரம் ஏறினால் குடும்பம் விளங்கும் என்று ஒரு பெட்டிக்குச் சம்மதித்துவிட்டார். ஜோடிப் பெட்டி வாயு மூலையில் அல்லவா நிற்கும்? அங்கே பாரம் ஆகாதாம். பரிகாரமாக ஒற்றைப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றார். பரிகாரம் சொன்னவரை அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

நம் அண்ணாச்சி சுவரைவிட்டு இரண்டடி தள்ளு கட்சி. பெட்டி இரண்டும் தம் நாற்காலியும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். புனல்கள் லேசாக உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தரையில் சாக்பீஸ் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. கால் இஞ்சு நகர்த்தினால் பாடகர் ஒரு அடி முன்னால் வருகிறார் என்பார். மதினி தரையைத் துடைத்துக் கோடு அழிந்துபோனபோது, பாடகர் எங்கே நின்றார் என்று தெரியாமல் வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை.

சிமெண்ட் தரையும் சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தை வாங்கிக்கொள்ளாது, திருப்பி அடிக்கும். எங்கே பட்டுத் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க ஓர் உபாயம் உண்டு, இது நிஜமாகவே பலிக்கிற உபாயம். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பக்கச் சுவரோடு வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். உட்கார்ந்தவருக்குக் கண்ணாடியில் பெட்டி எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கே மெத்தென்று எதையாவது தொங்கவிட வேண்டும். பேரன் கண்ணாடி பிடித்தான்.

“தாத்தா, தெரியுதா?”

“இன்னும் தள்ளு. இன்னும்... ஆங், அங்கனயே நில்லு.”

அங்கே ஏற்கெனவே அண்ணாச்சியின் அப்பா சந்தன மாலையோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார்.

அவரை எடுக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. முதலில் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அவ்வளவு மெல்லிய பாய்க்குச் சத்தத்தை விழுங்குகிற வலு ஏது? கடைசியில் இலவம்பஞ்சு மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டினார். “போய்ச் சேந்த மனுசர் மூஞ்சில மெத்தையப் போட்டு அமுக்குதியளே, நல்லாருக்கா?” என்று மதினி கேட்டார். அமாவாசைக்கு மட்டும் மெத்தையை இறக்குவது என்று ஒப்பந்தம்.

வீட்டுக்கு வந்தவர்களை உட்காரவைத்து ரசிக்கச் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரைக் கிறங்கவைத்திருக்கிறார். அண்ணாச்சிக்குச் சபை என்பது சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்கள். பேரருவியில் குளித்து, பார்டர் கடையில் புரோட்டா சாப்பிட்டு, தலை காயாமல் வந்து நிற்பார்கள். அப்படியே பிடித்து உட்காரவைத்து, காருகுறிச்சி அருணாசலம் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து வாசித்த பாட்டைப் போடுவார். 1962-ஆம் வருஷத்துத் தட்டு, மோனோ. இரண்டு பெட்டியிலும் வருவது ஒரே சத்தம். வைத்த இடம் சரியாக இருந்தால் நாயனம் இரண்டுக்கும் நட்டநடுவே, காற்றில் நிற்கும். அதைக் கேட்க ஒரு பெட்டியே போதுமே என்று தோன்றினால் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

“பிர்கா ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுதா?”

“விழுது மாமா.”

அருவியில் நின்றுவிட்டு வந்த காது இரண்டும் தண்ணீரால் அடைத்திருக்கும். தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்கள். இவர்களைப்போல ஞானம் உள்ளவர்கள் உள்ளூரில் யாரும் இல்லை என்பது அண்ணாச்சியின் அபிப்பிராயம்.

மிச்சம் இருந்த ஒரே குறை பேஸ். இளையராஜா பாட்டைப் போட்டால் பேஸ் கிட்டாரின் மேல் சுரங்கள் வருகின்றன, அடிச் சுரம் வந்து சேரவில்லை. ஆம்ப்ளிபயரை மாற்றினார், வயரை மாற்றினார், பெட்டிக்கு அடியில் கடப்பாக்கல் போட்டார். விஷயம் வேறு. அந்தக் கிட்டாரின் அடிநரம்பு நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. பதினாலடி நீளமுள்ள அறைக்குச் சொந்த அதிர்வு 40. அந்தச் சத்தம் இரண்டு கடைசிச் சுவர்களிலும் திரண்டு நின்று, அறையின் நடுவில் அநேகமாக ஒன்றுமில்லாமல் போய்விடும். அடுக்களைக்குப் போக வழி விட வேண்டும் என்று முன்னால் தள்ளித் தள்ளி, அண்ணாச்சியின் நாற்காலி ஏழாவது அடியில் வந்து நிற்கிறது. போதாக்குறைக்கு, இவ்வளவு பெரிய பெட்டியில் புனலும் ஊஃபரும் ஒரே குரலாகச் சேர்வதற்கே பத்தடி தூரமாவது வேண்டும். இவருக்குக் கிடைப்பது ஐந்தடிகூட இல்லை.

“அடிச் சத்தமே இல்லியே” என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தபோது, பின்சுவரில் அடுக்களை நிலையோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினி தலை நிமிராமல், “எனக்கு நல்லாத்தான கேக்கு? திம்மு திம்முன்னு விழுதே” என்றார்.

அண்ணாச்சி எழுந்துபோய்க் கீரைக்கட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தார். ஒரு பாட்டு ஓடி முடிந்தது. எழுந்து டேப்பை எடுத்து வந்து சுவரிலிருந்து புறவாசல் வரைக்கும் அளந்தார். அடுக்களையைப் புறவாசல் பக்கம் கொண்டுபோய்விட்டால் என்ன செலவாகும் என்று கேட்கக் கொத்தனாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வருகிறவருக்குக் காப்பி கிடையாது என்று மதினி இப்போதே சொல்லிவிட்டார்.