தனிமைக்கு வரிசையில் வரவும்

நமீபியப் பாலைவனத்தில் தனிமை கிடைக்கிறது. முன்பணம் கட்டினால் போதும். விடியுமுன்னே செஸ்ரியம் என்ற பூங்கா நுழைவாயிலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். கதவு திறந்ததும் 45 கிலோமீட்டர் பறந்து, ‘டூன் 45’ மணல்மேட்டில் முன்னால் ஏறுகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே ஏகாந்தத்தை அனுபவிக்கலாம். எளிய வாழ்க்கைதான்: கூடாரம் அடிக்க ஒருவர், சமைக்க ஒருவர், நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்ட ஒருவர். டெட்ஃப்ளே என்ற வறண்ட களிமண் படுகையில் தண்ணீரின்றிச் செத்த மரங்கள், சில நூற்றாண்டுகள் கழிந்தும் மக்காமல் நின்று போட்டோவுக்கு உழைக்கின்றன. அவற்றின் முன் ஜில் தண்ணீர் பாட்டிலோடு நின்று இயற்கையின் கொடுமையை வியப்பது மரபு.

அதே பாலைவனத்தில் ஒரு வண்டு, தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, முதுகில் படியும் மூடுபனியை வாய்க்கு வழியவிட்டுக் குடிக்கிறது. வழிகாட்டியும் கிடையாது, ரசீதும் கிடையாது. இப்படிப்பட்டவர்களால்தான் சுற்றுலாத் தொழில் நசிகிறது.

நீங்கள் போவதானால், கூடாரத்தில் சார்ஜர் பாயின்ட் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.