பாண் ஓட்டோவின் பெருமை

கற்பிட்டிக் குடாநாட்டில் சொன்ன நேரத்துக்கு, கூப்பிடாமலே, வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் ஒரே சேவை பாண் ஓட்டோதான். காலையில் ஒரு தடவை, பொழுதுபட ஒரு தடவை. தபால் பிந்தும், பஸ் வராமல் போகும், குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் பிரதான வீதியோடு திரும்பிவிடும். பாண் ஓட்டோ மட்டும் மணல் ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும் போகும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் மக்கள் அமர்ந்த குடியிருப்புகள் பாலாவிப் பக்கமும் கற்பிட்டிப் பக்கமும் நிறைய இருக்கின்றன. அந்த உள் ஒழுங்கைகளில் மழைக்குத் தேங்கும் தண்ணீரின் ஆழம், அவற்றுக்குப் பொறுப்பான அதிகாரிகளைவிடப் பாண்கார நானாவுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் குழியில் சில்லு இறங்கும், எதில் இறங்காது என்று அவர் கணக்கு வைத்திருக்கிறார்.

ஓட்டோவின் பாட்டையும் சொல்ல வேண்டும். பீத்தோவன் 1810இல் எழுதி, அவர் இறந்து நாற்பது வருடங்களின் பின் 1867இல் அச்சான அந்தச் சிறிய பியானோ இசையை எங்கள் ஆலங்குடாவில் கைக்குழந்தைக்கும் தெரியும். எங்கள் பிள்ளைகளில் மிகப் பலருக்கு இசை என்று முறையாகக் கிடைத்தது அது ஒன்றே. பள்ளிக்கூடங்களில் சங்கீத ஆசிரியர் இல்லாத குறையை ஓட்டோவின் கூரையில் கட்டிய ஒலிபெருக்கி தன்னால் முடிந்த மட்டும் தீர்த்து வைக்கிறது.

அந்த வண்டியின் பின்னால் உள்ள கண்ணாடிப் பெட்டி திறக்கும்போது வரும் வாசனைக்கு இந்தக் கரையில் இணை கிடையாது. ரோஸ் பாணின் முறுகிய தோல், சீனி தூவிய கிம்புலா பணிஸ், முக்கோணமாக மடித்துச் சுட்ட மாலுபாண். விடிய முன் கடலுக்குப் போய் வலை கழற்றிக் களைத்து வரும் மனிதனுக்குச் சூட்டுப் பாணும் பிளேன்ரீயும் தரும் ஆறுதலை வேறு எதுவும் அவ்வளவு சீக்கிரமாகத் தராது. காய்ச்சல்காரருக்குப் பாண், பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குப் பாண், மையத்து வீட்டில் அடுப்பு மூட்டாத நாளிலும் பாண். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, புத்தளம் அபாய மாவட்டங்களில் ஒன்றாக மூடப்பட்டுக் கிடந்த வாரங்களில், எங்கள் ஒழுங்கைக்குள் வந்த உணவு அதுதான். 2022இல் எரிவாயுவும் மாவும் இல்லாமல் நாடெங்கும் பேக்கரிகள் மூடப்பட்டபோது அந்தப் பாட்டுக் கேட்காத காலைகளில் ஊரே எதையோ பறிகொடுத்தது போல இருந்தது.

மாலுபாணைப் பற்றிச் சற்று விரிவாகவே புகழ வேண்டும். உருளைக்கிழங்கும் மீனும் மிளகும் வதக்கிப் பிசைந்து உள்ளே வைத்த பணிஸ் அது. மீன் என்றால் பெரும்பாலும் டின் மீன், அதிலும் கப்பலேறி வந்த டின் மீன். கரைவலை இழுக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்று, கையில் மீன் செதில் காயாத ஆட்களுக்கு, வேறொரு கடலின் மீனை வாங்கக்கூடிய விலையில் கொண்டு வந்து கொடுக்கிறது இந்த ஓட்டோ. அது சாதாரண சேவை அல்ல. எங்கள் களப்பில் பிடிபடும் நீலக்கால் நண்டின் தசை பதப்படுத்தப்பட்டு அமெரிக்கா வரை போகிறது. நல்ல இறால் கொழும்புக்குப் போகிறது. சூடையும் நெத்தலியும் அள்ளிக் குவிந்த நாளில் வாங்க ஆளில்லாமல் மணலில் காய்ந்து கருவாடாகிறது. எங்கள் வயிற்றை நிரப்ப டின் மீன் வருகிறது.

பேக்கரிக்காரரில் இதற்குக் குற்றமில்லை. டின் மீனுக்கு முள் எடுக்க ஆள் வேண்டாம், ஐஸ் வேண்டாம், புயல் எச்சரிக்கை விழுந்த நாளிலும் அலுமாரியில் இருக்கும். சூடை மீனை அவித்து முள் நீக்கி, குளிரில் வைத்து, நாள் தவறாமல் பேக்கரிக்குக் கொடுக்கச் சிறிய கூடங்கள் இந்த நீண்ட கரையில் போதிய அளவுக்கு இருந்திருந்தால் அவர் அதைத்தான் வாங்கியிருப்பார். பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் நாடு முழுவதும் ஓடுகிறது. எங்கள் மீனைக் குளிரில் வைக்கும் அளவுக்கு அது எங்கள் வாடிகளுக்குத் திரும்பி வரவில்லை.

மற்றப் பண்டங்களும் இதே பெருமைக்கு உரியவை. பாண் என்பது முழுக்க இறக்குமதிக் கோதுமை. 1942இல் பர்மா அரிசி நின்றபோது நெருக்கடிக்குக் கைகொடுத்த மா, நெருக்கடி போன பின்னும் எங்களை விட்டுப் போகவில்லை. அவ்வளவு விசுவாசம் அதற்கு. சீனிச் சம்பல் பணிஸுக்கு வெட்டுவது பம்பாய் வெங்காயம். கற்பிட்டி மணலில் தண்ணீர் இறைத்து வளர்த்த சின்ன வெங்காயம் அறுவடைக் காலத்தில் விலை விழுந்து சாக்கோடு கிடக்கும் நாட்களிலும் அதுதான். தேங்காய்? இது தென்னை முக்கோணத்தின் ஒரு முனை. 1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் இதே மாவட்டத்து லுணுவிலவில் இருக்கிறது. பணிஸில் ஊறியிருப்பதோ மாஜரின். உப்பு ஒன்றாவது புத்தளத்தின் சொந்தம் என்று நினைத்திருந்தோம். மழையால் உப்பளங்கள் விளையாமல் போக, 2025இல் நாடு இந்தியாவிலிருந்து உப்பையும் இறக்கியது.

வாங்குபவர்களின் நற்குணத்தையும் சேர்த்துப் புகழ வேண்டும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், அரை இறாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும் என்று நுகர்வோர் விவகார அதிகார சபை 2024 பெப்ரவரியில் வர்த்தமானி போட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இதுவரை தராசு கேட்டுப் பார்த்ததில்லை. கையில் எடுத்தால் காற்றுப் போல இருக்கும் பாணையும் மறு பேச்சில்லாமல் வாங்குகிறோம். மீனில் நூறு கிராம் குறைந்தால் சந்தையில் சண்டை பிடிக்கும் அதே நாங்கள்தான். பாண்கார நானா எங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர். பாணை எங்கே, எத்தனை கிராமில் சுட்டார்கள் என்பது அவருக்கும் தெரியாது.

பெண்களுக்கு அந்த வண்டி செய்த உபகாரம் பெரியது. உம்மும்மாமார் சுபஹுக்கு முன் எழும்பி மா இடித்து, வறுத்து, இடியப்பம் பிழிந்து, சொதி வைத்து, சம்பல் அரைத்தார்கள். அந்த வேலையில் அவர்களுக்கு ஆண் கை ஒன்று உதவியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாண் ஓட்டோ வந்து, வீட்டு ஆண்கள் பல தலைமுறையாகக் கொடுக்காத ஒரு மணி நேரத் தூக்கத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது. அதற்காக அதை நான் என்றும் மதிப்பேன்.

அந்தத் தூக்கத்துக்கு உடம்பு விலை கொடுக்கிறது என்பதும் உண்மை. 2018-19இல் நடந்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. பாணை மட்டும் அதற்குக் காரணமாக்க முடியாது. ஆனாலும் மாதாந்தக் கிளினிக் வரிசையில் நிற்கும் ராத்தாமார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று தாதி கேட்டால், பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

இப்போதும் ஊரில் இடியப்பமும் பிட்டும் அவித்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். குரக்கன் பிட்டு, சிவப்பரிசி இடியப்பம், கீரி மீன் சொதி, மாசிச் சம்பல். அவர்களின் கைப்பக்குவத்துக்கு முன்னால் எந்தப் பணிஸும் நிற்காது. ஆனால் அவர்களிடம் வாகனம் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு ஒழுங்கை நடந்தால் கால் ஓய்ந்துவிடும், சொதி ஆறிவிடும். பாண் ஓட்டோ வெல்வது ருசியால் அல்ல, சில்லால்.

ஆகவே கற்பிட்டி முதல் முந்தல், உடப்பு, சிலாபம் வரை உள்ள கூட்டுறவுச் சங்கங்களிடமும் மீனவர் சங்கங்களிடமும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். விழாவுக்கும் பந்தலுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, நாலு பெண்கள் சேர்ந்து ஓட்ட ஒரு ஓட்டோவுக்கு வட்டியில்லாக் கடன் கொடுங்கள். அதன் கண்ணாடிப் பெட்டியில் இந்தக் கடலின் மீனும் இந்த மண்ணின் தேங்காயும் இருக்கட்டும். பாட்டு எதைப் போடுவது என்பதை அந்தப் பெண்களே தீர்மானிக்கட்டும்.