அட்டவணையில் ஓர் இடைவெளி

கேள்வி: மே விடுமுறையில் எங்கள் சபையின் பெண்பிள்ளைகளுக்கு, 13 முதல் 17 வயது வரை, மூன்று நாள் வேதாகம முகாம் நடத்தப்போகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கழிப்பறையிலிருந்து! தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் இருக்கிறதா, ராத்திரி போகிற வழியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அந்தப் பயம் இருக்கும்வரை எந்தப் பிரசங்கமும் காதில் ஏறாது. கூடவே தங்கப் பொறுப்பான அக்காமார் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பாடத்துக்கு எண்ணாகமம் 27-ஐ எடுங்கள். செலோப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர், மோசேக்கும் சபை முழுவதற்கும் முன்னால் நின்று, அப்பாவின் சொத்தில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார். இதைப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வாய்விட்டு வாசிக்கட்டும். அப்புறம் கூடாரத்தில் யாருக்கும் தூக்கம் வராது. அடுத்து எஸ்தர். அந்தப் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், விவாதம் தானாகச் சூடு பிடிக்கும். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதைக்கும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள்.

துப்பட்டாவைப் பற்றி மட்டும் தனி வகுப்பு வேண்டாம். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள், மனசு பஸ் ஏறிப் போயிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் கேள்விகளுக்கு விடுங்கள். பெயர் எழுதாத சீட்டில் கேட்கட்டும். பதில் தெரியாத கேள்வி வந்தால், ஆயர் அம்மாவே "தெரியலம்மா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லலாம்.