புகையிலையும் நாங்களும்

"பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு." எங்கள் பாட்டிக்கு மிகவும் பிடித்த பழமொழி. வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டுதான் சொல்வாள்.

சிரிப்புக்குத்தான் தடை, பாட்டு வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜிக்கும் சொஜ்ஜிக்கும் நடுவே "பொண்ணுக்குப் பாடத் தெரியுமோ?" என்பார்கள். பெரியம்மா கல்யாணியில் ஒரு கீர்த்தனை பாடித் தேறினாள். கல்யாணமான மறுவாரமே ஆர்மோனியம் பரணுக்கு ஏறிவிட்டது. பரீட்சை முடிந்தாச்சு, இனிப் புத்தகம் எதற்கு?

ஆண்களின் தனிச்சொத்து என்று கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியை டி.கே. பட்டம்மாள் மேடையேறிப் பாடினார். 1970இல் சங்கீத கலாநிதியும் ஆனார். ரேடியோவில் அவர் பாடினால் எங்கள் வீட்டு ஆண்கள் தொடையில் தாளம் போட்டு "பலே!" என்பார்கள். அடுக்களையில் பெரியம்மா முனகினால், "அங்கே என்ன சத்தம்?"

கல்யாண வீட்டு நலங்குக்கு மட்டும் விதிவிலக்கு. பத்தமடைப் பாயில் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, தேங்காய் உருட்டி, தலையைச் சுற்றி அப்பளம் நொறுக்கும்போது பெரியம்மா தொண்டையைச் செருமுவாள். சம்பந்தியின் தொப்பை, காபி ஆறிப்போனதற்கு அவர் முறைத்த முறைப்பு, மாப்பிள்ளையின் காது எல்லாம் ராகத்தோடு வந்து விழும். ஏசல் பாட்டுக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது சம்பிரதாயம். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாட்டி புகையிலை தெறிக்கச் சிரிப்பாள். ஒன்றும் போய்விடவில்லை.

இப்போது எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. போன மாதம் பேத்தி கல்யாணத்தில் 'சங்கீத்' வைத்தார்கள். டி.ஜே. போட்ட சத்தத்தில் யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே காதில் விழவில்லை.

சிரிப்பதற்குத் தனியாகப் பூங்காவில் சிரிப்பு மன்றம் இருக்கிறது. 1995இல் மும்பையில் ஒரு டாக்டர் தொடங்கிவைத்த வழக்கம். டாக்டரே சொல்லிவிட்டதால் பொம்பளை சிரித்தால் ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். "ஒன், டூ, த்ரீ" என்றதும் சிரிக்க வேண்டும். எனக்குப் பாட்டியின் புகையிலை ஞாபகம் வந்து "டூ"விலேயே சிரித்துவிட்டேன்.

"மாமி, நான் இன்னும் சொல்லலையே!" என்றார் பயிற்சியாளர்.

உங்கள் வீட்டில் ஏசல் பாட்டுத் தெரிந்த பாட்டி யாராவது இருந்தால், இன்றைக்கே செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். பெரியம்மாவின் பாட்டில் எனக்கு மிஞ்சியது மாப்பிள்ளையின் காது மட்டும்தான்.