ஸ்னிப்பெட் அண்ணா

எங்கள் அலுவலகத்தில் அவரை ஸ்னிப்பெட் அண்ணா என்றால்தான் தெரியும். காலையில் சிலர் குறுக்கெழுத்துப் போடுவார்கள். அண்ணா ப்ராஜெக்ட் ஆய்லர் தளத்தில் கணக்குப் போடுவார். அதில் முதல் கணக்கையே இன்னும் விட்டபாடில்லை. 1000-க்குக் கீழே 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்களைக் கூட்ட வேண்டும். விடை 233168 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இருந்தும் ஜாவாவில் போட்டதைப் பைத்தானில் போடுவார், பைத்தானில் போட்டதை எஸ்கியூஎல்லில் போடுவார். காபி மெஷின் பக்கம் எவனாவது சிக்கினால் லூப்பே இல்லாத வழி அவன் காதில் விழும்.

"3-ஓட மடங்கைக் கூட்டு, 5-ஓட மடங்கைக் கூட்டு. 15-ஓட மடங்கெல்லாம் ரெண்டு வீட்டுக்கும் சொந்தம்டா, ரெண்டு பந்தியிலயும் உக்காந்திருக்கும். ஒரு பந்திக் கணக்கைக் கழிச்சுடு."

எழுதிய எதையும் தூக்கிப் போடமாட்டார். வீட்டில் கவருக்குள் கவர் திணித்து ஆணியில் தொங்குமே, அதே கதைதான் அவர் லேப்டாப்பிலும். 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதர', 'இதர பழசு' என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர். சரத்தைத் திருப்பிப்போட மட்டும் பதினோரு வழி. பைத்தானில் அது ஒரே வரி என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை; பெரியவர் மனசு நோகும்.

போன மாதம் பிறந்தநாள் வாழ்த்து மெயில் எல்லாருக்கும் இரண்டு நாள் தாமதமாகப் போனது. மேனேஜருக்கும். எக்ஸெல்லிலிருந்து எண்ணாக வந்த தேதிகளை யாரோ 1900 ஜனவரி 1-உடன் அப்படியே கூட்டியிருந்தார்கள்.

"ரெண்டு நாளா?" அண்ணாவின் முகம் மலர்ந்தது. "1900 லீப் வருஷமே இல்ல. 100-ஆல வகுபடும், 400-ஆல வகுபடாது. ஆனா எக்ஸெல்லுல பிப்ரவரி 29 இருக்கு! லோட்டஸ் 1-2-3 பண்ண தப்பு. அதோட ஒத்துப்போகணும்னு எக்ஸெல்காரன் தெரிஞ்சே வச்சுக்கிட்டான். அது ஒரு நாள். ஜனவரி 1-ஐ அவன் சைபர்னு எண்ணாம ஒண்ணுன்னு எண்ணுறான், அது இன்னொரு நாள். இதுக்கு நான் எப்பவோ எழுதி வச்சிருக்கேன், ஒரு நிமிஷம்."

தேடினார். 'இதர'வில் இல்லை. 'இதர பழசு'வில் லீப் வருஷத்துக்கு ஆறு கோப்புகள் கிடைத்தன. அதில் ஒன்று 1900-ஐயும் லீப் என்றது. அதற்குள் மதியச் சாப்பாடு ஆறியது.

பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, ஆரம்பத் தேதியை 1899 டிசம்பர் 30-னு மாத்திட்டேன். சரியா வருது."

அண்ணா அந்த ஒற்றை வரியைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "1900 ஜனவரியில பொறந்தவங்களுக்கு ஒரு நாள் உதைக்குமே?"

"நம்ம ஆபீஸ்லயா அண்ணா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்த வரியைக் காப்பி செய்து, 'எக்ஸெல் தேதி' என்று பெயர் போட்டு, 'ரொம்பப் புதுசு'வில் சேமிக்கப் போனார். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதை அழித்துவிடவா என்று லேப்டாப் கேட்டது.

அண்ணா 'இரண்டையும் வைத்துக்கொள்' என்பதை அழுத்தினார்.