கோழிக்கூண்டில் ஆர்தர் ராஜா

சமீபத்தில் ஏதாவது கல்யாண ஆல்பம் புரட்டினீர்களா? மாப்பிள்ளை ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். ஆனால் படத்தில் பஞ்சகச்சம் கட்டி, மாட்டுவண்டியில் சாய்ந்து, வானத்தை வெறிக்கிறார். மணப்பெண் கையில் அரிக்கேன் விளக்கு, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோட்டிங் செபியா ஃபில்டர். அசல் 1920-ஆம் வருஷத்துப் படமேதான்! மாட்டின் காதில் தொங்குகிற பிளாஸ்டிக் டேக்கை மட்டும் மன்னித்துவிட்டால்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே வேஷம்” என்று பெருமூச்சு விடும் பெரியவர்களே, கொஞ்சம் உட்காருங்கள். நிஜமான பழுப்புப் படங்களில் இருக்கிறார்களே அந்தக் காலத்து மனிதர்கள், அவர்கள் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தார்களாம்? அதற்கும் ஆயிரம் வருஷம் முந்தைய வேஷத்தைக் கட்டிக்கொண்டு, கேமரா முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்!

இந்த வேஷக் கலையின் பெரிய வாத்தியாரம்மா ஜூலியா மார்கரெட் கேமரூன். (கேமரூன் கையில் கேமரா! பெயர்ப் பொருத்தம் என் உபயமல்ல, புருஷன் வீட்டு உபயம்.) 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். கூடப் பிறந்த பெண்கள் பேர்போன அழகிகள். ஒரு தங்கைக்கு வீட்டில் ‘பியூட்டி’ என்றே செல்லப்பெயர். ஜூலியாவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ‘டேலண்ட்.’ பெண் பார்க்க வந்தவர்களிடம் “பொண்ணு நல்லா சமைக்கும்” என்று அவசரமாகச் சொல்வார்களே, அந்த ரகம்.

கணவர் சார்லஸ் ஹே கேமரூன் இருபது வயது மூத்தவர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவைத் தயாரித்த மெக்காலே கமிஷனில் மெம்பர். மகா படிப்பாளி. அதைவிட முக்கியமாக, நீண்ட வெள்ளைத் தாடி. படிப்பை விடுங்கள், தாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கிலாந்துக்குத் தெற்கே வைட் தீவில், ஃபிரெஷ்வாட்டர் என்ற ஊரில் குடித்தனம். 1863 டிசம்பரில், ‘பாவம் அம்மா, பொழுது போகாமல் தனியாக இருக்கிறாள்’ என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு வயது 48. இன்றைக்குப் பிள்ளைகள் அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டு, விடிகாலை ஐந்து மணி குட்மார்னிங் ரோஜாவைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்களே, அதே வரலாற்றுப் பிழை.

நிலக்கரி போட்டு வைத்த இடம் டார்க்ரூம் ஆனது. கண்ணாடி பதித்த கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆனது. கோழிகள்? அவற்றுக்கு விடுதலை கிடைத்தது, யாரும் தின்றிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக அம்மையாரே எழுதி வைத்திருக்கிறார். சட்ட வல்லுநர் வீட்டம்மா அல்லவா, எவ்வளவு ஜாக்கிரதையான வாக்குமூலம் பாருங்கள்!

கோழியினத்துக்கு நேர்ந்த கொடுமை அதோடு முடியவில்லை. அந்தக் காலத்துப் போட்டோ காகிதத்துக்கு முட்டையின் வெள்ளைக்கருதான் பூச்சு. அதில் ஊறிய வெள்ளி உப்பு வெயில் பட்டு மாறித்தான் அந்தப் பழுப்பு. செபியா என்ற பெயரைக் கொடுத்தது வேறொரு ஜீவன்: நம் கடற்கரையில் வறுவலாகிற கணவாய். கிரேக்க மொழியில் அதன் பெயர் செபியா. அதன் மையில் ஓவியர்கள் படம் போட, நிறத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. முட்டையின் உழைப்பு, மீனுக்குப் பெயர். ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் கறுப்பு வெள்ளைப் படத்தை சல்ஃபைடு கரைசலில் முக்கிப் பழுப்பாக்கினார்கள். படத்திலுள்ள வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறும். படம் கெடாமல் கூடுதல் காலம் நிற்கும். வாசனை மட்டும் அழுகின முட்டை! ஆக, அந்தப் பொற்காலத்தின் இனிய நினைவுகளுக்குப் பின்னால் நல்ல முட்டையோ நாறின முட்டையோ ஏதோ ஒன்று நிச்சயம் இருந்தது. ஆப்பில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்கிற இன்றைய செபியாதான் சுத்த சைவம்.

கேமரா வந்ததும் அக்கம்பக்கத்தில் யாருக்கும் நிம்மதியில்லை. அம்மையார் முன்னால் உட்கார்ந்தால் சில சமயம் மூன்று முதல் ஏழு நிமிஷம் வரை அசையக்கூடாது. ஆதார் படத்துக்கு மூன்று விநாடி உட்கார்ந்ததற்கே நம் முகம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துவீட்டு டென்னிசன் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர். தன் படத்தைப் பார்த்துவிட்டு அவரே அதற்கு வைத்த பெயர் ‘அழுக்குச் சாமியார்.’ இதில் ஆச்சரியம், தன் படங்களிலேயே அது அவருக்குப் பிடித்தமான ஒன்று!

அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1868-இல் வந்தபோது, டென்னிசனே கூட்டிக்கொண்டு போய் அம்மையாரிடம் ஒப்படைத்தார். அந்தம்மா சொல்வதையெல்லாம் நீர் செய்துவிடும், உம்மில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆள் எஸ்கேப். அடிபட்டவன் இன்னொருவன் அடிபடுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம், கவிஞர்களானாலும்.

ஜான் ஹெர்ஷலை விட்டாரா? வானியல் மேதை. போட்டோவை அழியாமல் நிறுத்தி வைக்கும் ‘ஹைப்போ’வின் குணத்தைக் கண்டுபிடித்ததே அவர்தான். அந்த மகானை 1867-இல் தலைக்குக் குளிக்க வைத்து, முடியைக் கலைத்துப் பறக்கவிட்டுப் படம் எடுத்தார். அண்டசராசரத்தையே தலைக்குள் சுமப்பவர் போல அந்தப் படத்தில் தெரிவார். பாதி ஞானம், மீதி எண்ணெய் போன தலை.

படங்கள் மசமசவென்று இருக்கின்றன, ஃபோகஸ் சரியில்லை என்று விமர்சகர்கள் திட்டினார்கள். எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார் அம்மையார். அன்றைக்கு அது கைக்கோளாறு. இன்றைக்கு அதே மசமசப்புக்கு ‘போர்ட்ரெய்ட் மோட்’ என்று பெயர் வைத்து, போன் விலையில் சேர்த்துவிடுகிறார்கள்.

பிரபலங்கள் கிடைக்காத நாளில் வேலைக்காரிகள் மாட்டினார்கள். மேரி ஹில்லியர் காலையில் வீட்டு வேலை, வெளிச்சம் வந்ததும் தேவமாதா. ஊரே அவளை ‘மேரி மடோனா’ என்றது. மேரி ரயன் பிச்சைக்காரியின் மகளாக வந்து அந்த வீட்டிலேயே வளர்ந்தவள். அவள் படத்தை லண்டன் கண்காட்சியில் பார்த்த ஒரு இளைஞர் காதலில் விழுந்து, 1867-இல் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை பெயர் ஹென்றி காட்டன். பிற்பாடு, 1904-இல், காங்கிரஸ் தலைவர். பிறந்த ஊர்? நம்ம கும்பகோணம்! ப்ரொஃபைல் படம் நன்றாக அமைந்தால் வரன் கும்பகோணத்திலிருந்துகூட வரும்.

இப்போது தாடிக்கு வருவோம். 1874-இல் டென்னிசன், ஆர்தர் ராஜா பற்றிய தன் கவிதைகளுக்குப் படம் எடுத்துத் தரச் சொன்னார். ஆர்தர் இருந்தாரா என்பதே சந்தேகம். இருந்திருந்தாலும் பல நூற்றாண்டு லேட். அதனாலென்ன? யார்மத் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவரைப் பிடித்து, கவசம் மாட்டி, ராஜா ஆக்கியாயிற்று. ஏரித் தண்ணீர் வேண்டுமா? தரையில் மஸ்லின் துணி. நிலா வேண்டுமா? நெகட்டிவில் ஒரு சுரண்டல். கிராஃபிக்ஸ் பட்ஜெட்: பூஜ்யம்.

மந்திரவாதி மெர்லின் வேஷம்தான் தாடிக்காரக் கணவருக்கு. மாயக்காரி விவியன் மந்திரம் போட்டு அவரை மயக்க வேண்டும். எதிரே மனைவி கடுகடுவென்று விநாடி எண்ணுகிறார். எண்பதை எட்டப்போகும் அந்தச் சட்ட மேதைக்கு வந்ததோ அடக்க முடியாத சிரிப்பு! குலுங்கிக் குலுங்கி மெர்லின் பிளேட்டில் ஆடிப்போய்விட்டார் என்று விவியனாக நின்ற பெண்ணே எழுதி வைத்திருக்கிறார். தண்டனைச் சட்டம் வகுத்தவர், தண்டனை அனுபவித்த தருணம்.

ஒரு டஜன் படத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நெகட்டிவ். பதிப்பாளரோ இரண்டு மூன்றை எடுத்துக் குட்டி மரச்செதுக்குப் படமாக்கிப் புத்தகத்தில் போட்டார். அம்மையாருக்கு வந்ததே கோபம்! பெரிய சைஸில் தானே ஒரு ஆல்பம் வெளியிட்டார். ஆர்டிஸ்டின் கோபம் எப்போதும் அவர் பணத்தில்தான் அச்சாகும்.

1875-இல் தம்பதி இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். காப்பித் தோட்டம்தான் குடும்பச் சொத்து. ஆனால் 1869-லேயே இலைத்துரு நோய் வந்து காப்பியைத் தின்ன ஆரம்பித்திருந்தது. மூட்டை முடிச்சோடு இரண்டு சவப்பெட்டியும் கப்பலேறியதாம், உள்ளே பீங்கான் சாமான் அடுக்கி. லக்கேஜை வீணாக்கக் கூடாதல்லவா?

களுத்துறை வெயிலிலும் கை நிற்கவில்லை. ஓவியர் மரியான் நார்த் 1877-இல் விருந்தாளியாக வந்தார். வியர்த்து வழியும் அவருக்குக் காஷ்மீர் சால்வை போர்த்தி, முடியை அவிழ்த்துவிட்டு, தென்னை ஓலைக்கடியில் நிற்க வைத்தார். முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கச் சொன்னாராம். வீட்டில் தோட்டமே இல்லை. எஸ்டேட்டில் உழைத்த நம் தமிழர்களையும் படம் எடுத்தார். ஆர்தரான மூட்டைக்காரரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது: வில்லியம் வார்டர். இவர்கள் பெயரைக் குறித்துவைக்கத்தான் யாருக்கும் மை கிடைக்கவில்லை, கணவாய் மைகூட.

1879-இல் அம்மையார் காலமானார், மறு வருஷம் மெர்லின். இருவரும் இலங்கை மலையில், பொகவந்தலாவை தேவாலயத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். இப்போது யாரையும் அசையாதே என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் மாட்டுவண்டி ஷூட்டுக்கு வருவோம். ‘ஃபீல்’ வரட்டும் என்று ஓரமாக ஒரு தாத்தாவையும் உட்கார வைப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? பேரனின் பஞ்சகச்சத்தைப் பார்த்து அவருக்குத் தோள் குலுங்கும். “தாத்தா, சிரிக்காதீங்க! அந்தக் காலத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க” என்று அதட்டுவார் போட்டோகிராஃபர்.

அந்தக் கூட்டத்தில் அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர் தாத்தா ஒருவர்தான். அதனால்தான் சிரிக்கிறார்.