சாக்பீஸ் கையில், போன் பையில்

இந்த வாரம் ஆசிரியர்களின் கேள்விகள் மட்டும். பதில் சொல்பவருக்கும் கரும்பலகைத் தூசியில் தும்மிய அனுபவம் உண்டு.

கே: எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. கரும்பலகையைக் கழற்றிவிடலாமா?
– ஒரு தலைமையாசிரியர், அரியலூர்

ப: கரண்ட் போனாலும் வேலை செய்கிற ஒரே போர்டு அதுதான். ஆணியோடு இருக்கட்டும்.

கே: இப்படியே போனால் ஆசிரியரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ?
– ஓர் இடைநிலை ஆசிரியை, திண்டிவனம்

ப: 1913-லேயே சொன்னார்கள். சினிமா வந்துவிட்டது, இனி பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலை இருக்காது என்று எடிசன் அடித்துச் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன கதையை நாம் படித்தது புத்தகத்தில். பிறகு ரேடியோ வந்தது. 1975-ல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு டிவி வந்து ஓராண்டு நிகழ்ச்சி காட்டியது. ஒவ்வொரு முறையும் பெட்டிதான் மாறியது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, “புரிஞ்சுதா?” என்று கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

கே: வகுப்பில் நாற்பது பிள்ளைகள். இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் என்னுடையது. இதை வைத்து என்ன செய்ய?
– ஓர் ஆறாம் வகுப்பு ஆசிரியை, மன்னார்குடி

ப: “புரிஞ்சுதா?” என்று கேட்டால் நாற்பது தலையும் ஆடும். ஆடுகிற தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அந்த ஒரு போன் போதும். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. ஆளுக்கொரு அட்டை அச்சடித்து, பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒட்டிக் கொடுங்கள். அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு உருவம். நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. பிள்ளை தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நீங்கள் ஆரத்தி சுற்றுவதுபோல போனை வகுப்பின் குறுக்கே ஒருமுறை காட்டினால் போதும். சரியாகச் சொன்னவர்களின் பெயர்கள் பச்சையில், தவறாகச் சொன்னவர்களின் பெயர்கள் சிவப்பில் வந்து நிற்கும். ஒவ்வோர் அட்டையிலும் உருவம் வேறு. எழுத்தும் பொடி எழுத்து. அதனால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துத் திருப்ப முடியாது.

முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா? நாலு மூணைவிடப் பெரிசு என்ற கணக்கில் எத்தனை அட்டை தப்பாகத் திரும்புகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு தோசையை வரையுங்கள். மூணு பேருக்கு வெட்டுங்கள், நாலு பேருக்கு வெட்டுங்கள். யாருக்குப் பெரிய துண்டு கிடைக்கும் என்று வகுப்பே கத்தும்.

கே: வீடியோ போட்டால் பிள்ளைகள் கப்சிப். பாடம் மனதில் இறங்குகிறது என்றுதானே அர்த்தம்?
– ஓர் அறிவியல் ஆசிரியர், பழனி

ப: தூங்கும் பிள்ளையும் கப்சிப்தான். அடுத்த முறை சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டுங்கள். வர்ணனையைப் பிள்ளைகள் சொல்லட்டும். பூவுக்கும் தேனீக்கும் கல்யாணமே செய்துவைப்பார்கள். மகரந்தச் சேர்க்கை அதற்குள் வந்துவிடும்.

கே: எந்த ஆப்பை டவுன்லோடு செய்தால் நல்லது?
– பெயர் வேண்டாம், சேலம்

ப: தமிழக அரசின் மணற்கேணி 2023-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் குறளிலிருந்து வந்தது. மணற்கேணி தோண்டினால்தான் ஊறும். டவுன்லோடு செய்து வைத்தால் ஊறாது. இயற்பியல் எடுப்பவர் என்றால், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’டையும் பாருங்கள். அதில் ஒயர், பல்பு, பேட்டரி வைத்துச் சுற்று அமைக்கலாம். பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். குறுக்குச் சுற்று என்றால் என்னவென்று அப்புறம் எந்தப் பிள்ளையும் கேட்காது. பள்ளிக்கும் சேதமில்லை.

கே: பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடை வகுப்பிலேயே ஸ்கேன் செய்து காட்டலாமா?
– ஒரு பட்டதாரி ஆசிரியர், சிவகாசி

ப: காட்டலாம், முந்தின இரவே நீங்கள் பார்த்திருந்தால். முதன்முதலாக வகுப்பில் திறப்பது, பந்தியில் இலை போட்ட பிறகு அரிசி ஊறப்போடுவது மாதிரி.

கே: பள்ளியில் மைக்ரோஸ்கோப் இல்லை.
– ஓர் ஆசிரியை, கூடலூர்

ப: தண்ணீர் இருக்கிறதா? போன் கேமராவின் மேல் ஒரே ஒரு சொட்டு, பொட்டு வைப்பதுபோல வையுங்கள். செய்தித்தாளின் வண்ணப்படத்தை அதன் அருகே கொண்டுபோனால் நடிகரின் கன்னம் புள்ளி புள்ளியாகப் பிரியும். சொட்டு ஏன் உருண்டு நிற்கிறது, உருண்டு நின்றால் ஏன் பெரிதாகக் காட்டுகிறது? பரப்பு இழுவிசையும் குவிலென்சும் ஒரே சொட்டில். சொட்டு மட்டும்தான், தம்ளர் வேண்டாம்.

கே: கட்டுரையை ஏஐயிடம் எழுதி வாங்கி வருகிறார்கள். எப்படித் தடுப்பது?
– ஒரு தமிழாசிரியர், தக்கலை

ப: முன்பு கோனார் உரையிலிருந்து எழுதிவந்தார்கள். அதையும் நம்மால் தடுக்க முடியவில்லை. கேள்வியை மாற்றுங்கள். ‘நீரின் முக்கியத்துவம்’ என்றால் ஏஐ பத்துப் பக்கம் கொடுக்கும். ‘உன் தெருக் கிணறு எப்போது வற்றியது, பாட்டியிடம் கேட்டு எழுது’ என்றால் அது பாட்டிக்குத்தான் தெரியும். இன்னொன்று: ஏஐ எழுதிய கட்டுரையை நீங்களே அச்சடித்துக் கொடுத்து, சிவப்பு மையால் திருத்தச் சொல்லுங்கள். வாத்தியாரைத் திருத்தக் கிடைக்காத பேனா, அதையாவது திருத்தி மகிழட்டும்.

கே: காலையில் வருகைப் பதிவு, மதியம் கணக்கு, மாலையில் போட்டோ ஏற்றுவது. எல்லாம் ஆன்லைன்தான். நானும் தொழில்நுட்ப ஆசிரியர்தானே?
– ஓர் ஈராசிரியர் பள்ளியிலிருந்து

ப: அது அலுவலகத்துக்கு நீங்கள் எடுக்கும் வகுப்பு. பிள்ளைகளுக்கு எத்தனை மணிக்கு?

கே: வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு ஆன்லைன் வீட்டுப்பாடம்?
– ஓர் ஆசிரியை, வேதாரண்யம்

ப: கொடுக்காதீர்கள். இருக்கிற வீட்டிலும் அந்தப் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இரவு திரும்பும்போது போனில் சார்ஜும் இருக்காது, அப்பாவிடம் பொறுமையும் இருக்காது.

கே: வயது ஐம்பத்தைந்து. ப்ரொஜெக்டர் ஒயரைப் பார்த்தாலே கை நடுங்குகிறது.
– ஓர் ஆசிரியர், திருப்பத்தூர்

ப: கடைசி பெஞ்சில் சேட்டை செய்பவனைக் கூப்பிட்டு, “எனக்குத் தெரியலப்பா, நீ மாட்டிக் கொடு” என்று சொல்லுங்கள் சார். படம் விழும். மறுநாளிலிருந்து அவன் உங்கள் பாடவேளைக்கு லீவு போடமாட்டான்.

கே: தொழில்நுட்பத்தைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு புது ஆசிரியை, செங்கம்

ப: எறும்பு பற்றிய படம் ஓடும்போது பாதியில் கரண்ட் போகட்டும். ‘ஹே’ என்று கூச்சல் மட்டும் வந்தால் சினிமா ஓடியிருக்கிறது. “அப்புறம் அந்த எறும்பு என்ன ஆச்சு டீச்சர்?” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தால் பாடம் ஓடியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்காகச் சன்னலைத் திறந்து சாக்பீஸை எடுங்கள். முதல் பதிலில் ஆணியோடு விட்டுவைத்த போர்டு அங்கேதான் இருக்கிறது.